காகிதம் விற்கிற தோல் வியாபாரம்

நமது சங்கச் செயலாளர் இரண்டு மாதமாக எங்களை விடவில்லை. "பருப்பு, எண்ணெய், வரி என்று எழுத ஆள் இருக்கிறார்கள். தோல் மண்டிக்காரர் நீங்கள் ஒருவர்தான். உறுப்பினர்களுக்குத் தெரியாத விஷயமாக ஏதாவது எழுதுங்கள்" என்றார். சென்னைப் பெரியமேட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தோலும், ரிவிட்டும், மெழுகு நூலும் மொத்தமாக விற்று வருகிறோம். எழுத நிறைய உண்டு. ஆனால் மளிகைக் கடை வைத்திருப்பவர் தோலின் தரம் பார்க்கத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்? ஆகவே, சரக்கே கைமாறாமல் நடக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறோம். அமெரிக்காவில் பீர் பாட்டில்களைத் தூக்கிச் செல்லத் தோலில் கேரியர் செய்துகொள்கிறார்கள். அந்தக் கேரியரை வெட்டித் தைப்பதற்கான வெட்டுப் படத்தை, அதாவது பேட்டர்னை, வரைந்து விற்பதே ஒரு தனி வியாபாரமாக இருக்கிறது.

பீர் என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. நம் உறுப்பினர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசப்போவது தோலையும் அளவையும் பற்றித்தான். பாட்டிலுக்குள் என்ன இருந்தாலும் கேரியருக்கு ஒன்றுதான்.

கேரியர் என்றால் நமக்கு டிபன் கேரியர்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் குளிர்பானமும் பீரும் ஆறு ஆறு பாட்டிலாக விற்பது பழைய வழக்கம். கோகோ கோலா நிறுவனம் ஆறு பாட்டில் பிடிக்கும் அட்டைப் பெட்டியை 1923-லேயே கொண்டுவந்தது. அட்டை நனைந்தால் கிழியும். ஆகவே மரத்திலும் தோலிலும் உறுதியாக ஒன்று செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும்போது அதில் ஆறு பாட்டிலை வைத்துத் தூக்கிப் போவார்கள். இதில் பல வகை. ஆறு பாட்டில் நிற்கும் பெட்டி மாதிரி ஒன்று. சைக்கிளின் மேல் தண்டில் பட்டையால் தொங்கவிடும் உறை ஒன்று. இடுப்புப் பட்டையில் மாட்டும் ஒற்றை உறை ஒன்று; இதைப் பெரும்பாலும் வேடிக்கைக்காகத்தான் வாங்குகிறார்கள்.

இவற்றைத் தைப்பவர்கள் தொழிலாளிகள் இல்லை என்பதுதான் முதலில் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. ஆசிரியர், தீயணைப்பு வீரர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று வேறு வேறு வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைக்கிறார்கள். இவர்களுக்குத் தோல் கிடைக்கிறது, கருவி கிடைக்கிறது. எங்கே வெட்டுவது, எங்கே துளை போடுவது என்பதுதான் தெரியாது. அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இந்த எண்ணம் புதிதல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் அளவு வாரியாகக் காகிதத்தில் உடைகளுக்கான வெட்டுப் படம் தயாரித்து விற்கத் தொடங்கினார். துணியை விற்காமல் வெட்டும் வழியை விற்ற அந்த வியாபாரம் பெரிதாக வளர்ந்தது.

தோலில் இதற்கு வழிகாட்டிய கதை நமக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அது எங்களைப் போன்ற ஒரு மொத்தக் கடையின் கதை. டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் என்ற ஊரில் 1919-ல் ஹிங்க்லி, டாண்டி என்ற இருவர் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோலும் சாமான்களும் விற்கும் கடை போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்தத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பிய டாண்டியின் மகன் சார்லஸ், மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களுக்குப் பொழுதுபோக்காகவும் சிகிச்சையாகவும் தோல் வேலை கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருந்தார். செருப்புக் கடைக்காரருக்கு விற்பதைக் குறைத்து, பொழுதுபோக்குக்காகத் தைப்பவருக்கு விற்பது என்று கடையைத் திருப்பினார். 1950-ல் எல் பாசோ, சான் அன்டோனியோ என்ற இரு ஊர்களில் சில்லறைக் கடை திறந்தார்கள். வெட்டிய தோல், நாடா, செய்முறை எல்லாம் ஒரே பொட்டலத்தில் கிடைத்தன. அல் ஸ்டோல்மன் என்ற கைவினைஞர் அவர்களுக்காகப் படங்களும் புத்தகங்களும் ஏராளமாக வரைந்து எழுதினார். இவர் 1998-ல் காலமானார். இவருடைய புத்தகங்களை இன்றும் தோல் வேலை பழகுபவர்கள் தேடி வாங்குகிறார்கள். தோலில் சம்பாதித்த அந்த டாண்டி நிறுவனம் 1963-ல் ரேடியோ ஷாக் என்ற மின்சாதனக் கடைகளையே வாங்கியது என்றால் பாருங்கள்.

இப்போது அந்தக் காகிதமும் கணினிக் கோப்பாகிவிட்டது. வாங்குபவர் பணம் கட்டியதும் கோப்பு அவருக்குப் போய்விடும். தம் வீட்டு அச்சுப்பொறியில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, அதைத் தோலின் மேல் வைத்துக் கோடிழுத்து வெட்டிக்கொள்கிறார். விற்பவரிடம் சரக்கு இல்லை, எலி இல்லை, வண்டு இல்லை, எடைக்குறைவு இல்லை. கேட்கும்போது நமக்கெல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

நாங்கள் பட்ட பாடு

2018 ஆகஸ்டில் ஒரு பரிசுப்பொருள் ஏஜெண்ட் எங்களிடம் வந்தார். வெளிநாட்டில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்கு, தண்டில் தொங்கவிடும் இரட்டை பாட்டில் உறை 24 மாதிரிக்கு வேண்டும், பிடித்துப்போனால் கிறிஸ்துமஸுக்குள் பெரிய ஆர்டர் என்றார். பொதுவாக நாங்கள் தைத்து விற்பதில்லை. ஆனால் எங்கள் இளைய மகன், "அப்பா, பேட்டர்ன் விலைக்கே கிடைக்கிறது, நம்மிடம் தோல் இருக்கிறது, மேஸ்திரி இருக்கிறார்" என்றான். 12 டாலர் கட்டி ஓர் அமெரிக்கரின் பேட்டர்னை வாங்கினான். தைத்து விற்கவும் அனுமதி உள்ள பேட்டர்ன் அது.

கடையில் இருந்த அச்சுப்பொறியில் அடித்தோம். மேஸ்திரி அட்டை வெட்டினார். 24 கேரியருக்கு 48 உறை. மரப்பட்டையில் பதனிட்ட நல்ல இ.ஐ. தோலாகப் பார்த்து எடுத்து, சுமார் 30 சதுர அடி வெட்டி, துளை போட்டு, நான்கு நாளில் தைத்து முடித்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. ஐந்தாம் நாள் மகன் எங்கிருந்தோ இரண்டு காலி பாட்டில் கொண்டுவந்து உள்ளே விட்டான். போகவில்லை. அடுத்த உறையில் விட்டான். அதிலும் போகவில்லை. நாற்பத்தெட்டிலும் போகவில்லை.

"தண்ணியில நனைச்சு, பாட்டிலை உள்ள அடிச்சு ஏத்திடலாம் முதலாளி" என்றார் மேஸ்திரி. மரப்பட்டைத் தோல் நனைந்தால் இளகும், காய்ந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும் என்பது உண்மைதான். இரண்டில் செய்து பார்த்தோம். ஏறியது. ஆனால் காய்ந்தபோது தோல் பாட்டிலைக் கவ்விக்கொண்டது, தையல் துளைகள் நீண்டு வாய் பிளந்தன. "இதை அனுப்பினால் ஒரே ஒரு முறைதான் ஆர்டர் வரும் மேஸ்திரி" என்றோம். அவரும் தலையாட்டினார்.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அமெரிக்காவில் காகித அளவு வேறு. அவர்களுடைய லெட்டர் தாளின் அகலம் 216 மி.மீ. நம் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பெரிய தாளுக்கு வரைந்ததைச் சின்னத் தாளில் அடிக்கச் சொன்னால், அச்சுப்பொறி நல்ல பிள்ளையாக அதைச் சுருக்கித் தாளுக்குள் அடக்கிவிடும். நூற்றுக்கு 97 ஆகிவிட்டது எங்கள் பேட்டர்ன்.

மூன்று சதவிகிதம்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் சாதாரண நீள்கழுத்து பீர் பாட்டில் 355 மில்லி பிடிப்பது, அதன் விட்டம் 61 மி.மீ., உயரம் 229 மி.மீ. அதைச் சுற்றி 3 மி.மீ. தடிப்புத் தோல் வளைய வேண்டும். விட்டத்தோடு தோலின் தடிப்பைக் கூட்டினால் 64. அதை 22/7-ஆல் பெருக்கினால் 201 மி.மீ. பாட்டில் தாராளமாக இறங்க 4 மி.மீ. சேர்த்து 205 என்று பேட்டர்ன்காரர் வைத்திருந்தார். இதில் 97 சதவிகிதச் சொச்சம் என்றால் 199 மி.மீ. அதை உறையாகச் சுருட்டினால் உள்விட்டம் 60.4 மி.மீ. தான் வரும். 61 மி.மீ. பாட்டில் எப்படி நுழையும்? அரை மில்லிமீட்டரில் 48 உறையும் போயிற்று.

தவறு பேட்டர்ன் விற்றவருடையது அல்ல. முதல் பக்கத்தில் நான்கு அங்குலக் கோடு ஒன்று போட்டு, "அச்சடித்ததும் இதை அளந்து பாருங்கள், அளவு சரியாக இல்லாவிட்டால் வெட்டாதீர்கள், நூறு சதவிகிதம் என்று வைத்து மறுபடி அடியுங்கள்" என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கோடு 101.6 மி.மீ. இருக்க வேண்டும். எங்கள் தாளில் 99-க்கும் குறைவாக இருந்தது. முதல் பக்கத்தைப் படம் இல்லாத பக்கம் என்று யாருமே பார்க்கவில்லை. மாதிரி தேதி தவறியது, ஏஜெண்ட் வேறு இடத்துக்குப் போய்விட்டார். தோலுக்கான பணம் பெரிதில்லை. பெரிய ஆர்டர் போனதில் மகன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை வைத்துத்தான் நம் உறுப்பினர்கள் வியாபாரம் செய்கிறார்கள். அந்த நான்கு அங்குலக் கோடுதான் பேட்டர்னுக்கு முத்திரை. வாங்குபவரின் அச்சுப்பொறியை நாம் போய்ப் பார்க்க முடியாது. அவர் கையில் ஒரு முத்திரையைக் கொடுத்து, நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பேட்டர்ன் வரைவது என்ன வேலை என்று எங்களுக்குப் புரிந்தது. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது மகன் மேஸ்திரியோடு தொலைபேசியில் பேசிப் பேசித் தானே வரைய ஆரம்பித்தான்.

வரைகிற விதம்

ஆறு பாட்டில் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நிரம்பிய பாட்டில் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆறும் சேர்ந்தால் மூன்று கிலோ தாண்டும், அதுவும் கண்ணாடி. இந்தச் சுமை தையலில் நிற்கக் கூடாது. ஒரு பக்கக் கைப்பிடியில் புறப்பட்ட தோல் பட்டை அடிப்பாகத்துக்குக் கீழே ஓடி மறுபக்கம் ஏறிக் கைப்பிடியில் சேர வேண்டும். நம் கடைகளில் மூட்டைக்கு அடியில் கயிறு கொடுத்துத் தூக்குகிறோமே, அதே முறைதான். பக்கச் சுவர்கள் பாட்டில் சாயாமல் இருப்பதற்கு மட்டும். மகனின் முதல் படத்தில் கைப்பிடியைச் சுவரின் விளிம்பில் ரிவிட் வைத்து முடித்திருந்தான். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இது ஆறு மாசம் தாங்கும், அப்புறம் காலில் விழும்" என்றார்.

பாட்டிலும் பாட்டிலும் உரசினால் சத்தம் வரும், விரிசலும் விடும். ஆகவே நடுவில் தடுப்பு வேண்டும். நீளவாக்கில் மூன்று பாட்டில் என்றால் 183 மி.மீ.; அதோடு இரண்டு தடுப்புகளின் தடிப்பும், கை நுழைத்து எடுக்கச் சற்று இடமும் சேர வேண்டும். இதைச் சேர்க்க மறப்பவர்கள் பலர். கைப்பிடி எங்கே வரும் என்பதும் முக்கியம். பாட்டிலின் கழுத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே விரல் மடங்க இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்குபவரின் விரலை மூடி கிழிக்கும்.

துளைகளின் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. பேட்டர்ன் வாங்குபவர் கையால் தைப்பவர். அவருக்குத் துளை போடும் இடமும் படத்திலேயே குறித்திருக்க வேண்டும். சேர்கிற இரண்டு விளிம்பிலும் துளை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். வட்ட அடிப்பாகம் வைத்த ஒற்றை உறைக்கு மகன் வரைந்தபோது சுவரில் 62 துளை, அடியில் 61 துளை. கணினித் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியவில்லை. ஊசி நூலோடு கடைசித் துளைக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

தோலின் தடிப்பைப் பேட்டர்னில் எழுதியே ஆக வேண்டும். மேலே சொன்ன 205 மி.மீ. உறையில் 3 மி.மீ. தோல் போட்டால் உள்ளே 62 மி.மீ.க்கு மேல் கிடைக்கும், பாட்டில் சுலபமாக இறங்கும். "தடிப்பாக இருந்தால் நல்லதுதானே" என்று ஒருவர் 4 மி.மீ. தோல் போட்டால் இடைவெளி கால் மில்லிமீட்டராகிவிடும். குளிர்ந்து வியர்த்த பாட்டில் அதில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் தடிப்பை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, நம் கணக்கில் 0.4 மி.மீ. 3 மி.மீ. என்றால் அவர்களுக்கு 7 முதல் 8 அவுன்ஸ். பேட்டர்னில் இரண்டு கணக்கும் இருந்தால்தான் கேள்விக் கடிதம் குறையும்.

எந்தத் தோல் என்பதில் மட்டும் நாங்கள் எவருக்கும் பாடம் சொல்லத் தயார். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும்; ஆனால் நிற்காது, பை மாதிரித் தொங்கும். பெட்டி நிமிர்ந்து நிற்க மரப்பட்டைத் தோல்தான் வேண்டும். இதில் நம் மாநிலத்துக்குப் பழைய பெயர் உண்டு. ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் வைத்துப் பதனிட்ட நம் தோல் கப்பலேறிப் போனதால் கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக இ.ஐ. என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. பிற்காலத்தில் வேட்டில் பட்டையும் சேர்ந்துகொண்டது. திருச்சி, திண்டுக்கல் பக்கத்து டேனரிகள் இதற்குப் பேர் போனவை. இன்று இது புவிசார் குறியீடு உள்ள சரக்கு. ஆனால் மரப்பட்டைத் தோல் தண்ணீர் பட்டால் கறுக்கும், காயும்போது விறைக்கும். குளிர்ந்த பாட்டில் வியர்க்காமல் இருக்குமா? உள்ளும் புறமும் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து தேய்க்க வேண்டும், அடியில் நீர் வடிய ஒரு துளை விட வேண்டும் என்று செய்முறையில் எழுதாத பேட்டர்னை வாங்கினால் கேரியர் ஒரு கோடையில் கெட்டுப்போகும்.

எந்த பாட்டிலுக்கு என்பதையும் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க நீள்கழுத்துக்கு வரைந்தது நம் நாட்டு 650 மில்லி பாட்டிலுக்கோ, இங்கிலாந்தின் 500 மில்லி பாட்டிலுக்கோ சேராது. அமெரிக்காவிலேயே இப்போது கேன் பெருகிவிட்டது. சாதாரண 355 மில்லி கேனின் விட்டம் 66 மி.மீ. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஒரே விலைக்குப் பாட்டிலுக்கு ஒன்று, கேனுக்கு ஒன்று என்று இரண்டு அளவு கொடுக்கிறார்கள்.

வரைந்து முடித்ததும் முதலில் அட்டையில் செய்து பார்க்க வேண்டும். பிறகு மட்டமான தோலில். பிறகு, இதுதான் எங்கள் மகன் கடைசியாகக் கற்றுக்கொண்டது, வரைந்தவர் அல்லாத வேறொருவர் கையில் செய்முறையைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் எங்கே நிறுத்தி முழிக்கிறாரோ அந்த இடத்தில் எழுத்து சரியில்லை என்று பொருள். எங்கள் மேஸ்திரி இதற்கு உதவமாட்டார். அவர் தப்பான பேட்டர்னைக் கொடுத்தாலும் கையாலேயே திருத்தித் தைத்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளைத்தான் உட்கார வைத்தோம்.

விற்கிற விதம்

கையால் செய்த பொருளும் அதற்கான பேட்டர்னும் விற்கும் பெரிய இணையச் சந்தை எட்ஸி. 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. அங்கே ஒரு பொருளைப் பட்டியலில் வைக்க 20 சென்ட். நான்கு மாதம் நிற்கும். விற்றதும் மறுபடி வைக்க மறுபடி 20 சென்ட். விற்ற தொகையில் 6.5 சதவிகிதம் தரகு; 2022 ஏப்ரல் வரை இது 5 சதவிகிதமாக இருந்தது. பத்து டாலர் பேட்டர்ன் என்றால் இந்த இரண்டுக்கும் 85 சென்ட் போகும். பணம் வாங்கிக் கொடுக்கும் கூலி தனி, அது நாட்டுக்கு நாடு மாறும். விளம்பரம் செய்தால் அதுவும் தனி. மண்டித் தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுத்துப் பழகிய நமக்கு இது பெரிய கழிவாகத் தோன்றாது.

ஆனால் மிச்சமெல்லாம் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பேட்டர்ன் வெளியே போகும் முன் வீணாகிற தோல், நேரம், புகைப்படம் எல்லாம் முதலீடுதான். கோட்டுப் படத்தைப் பார்த்து யாரும் காசு கட்டுவதில்லை. தைத்து முடித்த பெட்டி, அதில் ஆறு பாட்டில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், இதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எங்கள் மகனுடைய முதல் பேட்டர்ன் மூன்று மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. படத்தை மாற்றிய பிறகு மெதுவாக நகர்ந்தது. இன்றும் அது அவனுக்குப் பெட்ரோல் செலவுக்கு வருகிற காசுதான்; கடையை நடத்துவது பழையபடி தோல் விற்பனை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வீட்டிலிருந்தபடி லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வருகிற டாலருக்கு வரிக் கணக்கும் உண்டு. வெளிநாட்டவர் அந்நியச் செலாவணியில் கட்டினால் அது சேவை ஏற்றுமதியாக அமைந்து ஜி.எஸ்.டி.யில் பூஜ்ய வரிக்கு இடம் உண்டு. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அவரவர் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும்.

இந்த வியாபாரத்தில் பெரிய திருட்டு பயம் நகல்தான். மூட்டை திருடு போனால் மூட்டை குறையும், நமக்குத் தெரியும். கோப்பு திருடு போனால் நம்மிடம் அது அப்படியே இருக்கும். மகன் வரைந்த பேட்டர்னை யாரோ ஒருவர் எங்கள் அண்ணன் மகளின் கை தெரிகிற அதே புகைப்படத்தோடு வேறொரு தளத்தில் பாதி விலைக்குப் போட்டிருந்தார். புகார் எழுதி எடுக்க வைக்கப் பல நாள் ஆயிற்று. வருத்தம் என்னவென்றால், அந்த நகலில் முதல் பக்கம் இல்லை. நான்கு அங்குலக் கோடு இல்லாத பேட்டர்ன். அதை வாங்கி எத்தனை பேர் தோலை வீணாக்கினார்களோ!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு வைத்திருக்கிறோம். வரைபடத்துக்கும் செய்முறை எழுத்துக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி காப்பு உண்டு. ஆனால் வடிவமைப்பாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, அதை வைத்துத் தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் பொருள் செய்துவிட்டால் அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை நிற்காது என்று அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பொருளின் தோற்றத்தைப் பதிந்துகொள்ள 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் பத்து வருடம், பிறகு நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம். ஒரு நிபந்தனை: ஊருக்குக் காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படத்தை இணையத்தில் போட்டுவிட்டு, நன்றாக விற்கிறதே, பதிவோம் என்று போனால் புதுமை போயிற்று என்று தள்ளிவிடுவார்கள். இது பேட்டர்னுக்கு மட்டும் இல்லை. புது மாதிரி டப்பா, புது மாதிரி பாட்டில் செய்ய நினைக்கும் நம் உறுப்பினர்களும் கவனத்தில் கொள்ளலாம். வாங்கியவர் அந்தப் படத்தை வைத்துத் தைத்து விற்கலாமா என்பது அடுத்த கேள்வி. சொந்த உபயோகத்துக்கு ஒரு விலை, தைத்து விற்க ஒரு விலை என்று பலர் வைத்திருக்கிறார்கள். எங்கள் மகன் ஒரே விலைதான் வைத்திருக்கிறான். தைத்து விற்பவர் தோல் வாங்கித்தானே ஆக வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

வீணான 48 உறைகளில் நனைத்த நான்கு போக மீதி 44 வெகுநாள் கடை மூலையில் கிடந்தன. பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி ஒருநாள் வந்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய் ஒரு பன்னீர் சோடா பாட்டிலைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. "என்ன விலை சொல்றீங்க?" என்றார். அடக்க விலையைச் சொன்னோம். சிரித்தார். கடைசியில் பேரம் படிந்து பன்னிரண்டை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக ஆணியில் மாட்டியிருக்கிறார். மீதி 32 இன்னும் எங்களிடம் இருக்கின்றன. பன்னீர் சோடா விற்கும் உறுப்பினர்கள் யாருக்காவது வேண்டுமானால் கடைக்கு வந்து பார்க்கலாம். வரும்போது உங்கள் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து விட்டுப் பார்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.